புள்ளி விழாத இடம்

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் அவனை எல்லோரும் முடிச்சு என்றுதான் கூப்பிடுவார்கள். லாரி எத்தனை மேடு பள்ளத்தில் குலுங்கினாலும் அவன் கட்டிய கயிறு தளராது. சேர்ந்த இடத்தில் அவன் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் போதும், மொத்தமும் கழன்று கையோடு வந்துவிடும். பதினேழு வருஷமாக ஊரார் கட்டிலையும் அலமாரியையும் குளிர்பெட்டியையும் தூக்கிய கைகள். அந்தக் கைகளில் இதுவரை ஒரு கண்ணாடித் தம்ளர் உடைந்ததில்லை. இதை அவன் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை. அவன் அக்காதான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

இத்தனை பேருக்கு வீடு மாற்றிக் கொடுத்தவன், தனக்கென்று ஒரு வீடு பார்க்கப் புறப்பட்டபோது ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமை என்பதே இல்லாமல் போயிற்று.

கல்யாணமாகி அவர்கள் இருந்ததெல்லாம் வாடகை வீடுகள்தான். இப்போது இருந்தது ஏழாவது. அதன் உரிமையாளர், தன் மகன் குடும்பத்தோடு திரும்பி வருகிறான், பள்ளிக்கூட வருஷம் முடிந்ததும் காலி செய்து கொடுங்கள் என்று தன்மையாகத்தான் சொன்னார். சொன்ன அன்று சாயங்காலம் மகள் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவனிடம் கேட்டாள். பதினொரு வயது அவளுக்கு. அதற்குள் நான்கு பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள்.

"மறுபடியும் மாறணுமாப்பா?"

"ஆமாம்மா. ஆனா இந்தத் தடவை சொந்த வீடு."

"அப்ப இதுதான் கடைசியா?"

"கடைசி."

"நெஜமா?"

"நெஜமா."

அவள் எழுந்து போய்த் தன் அட்டைப்பெட்டியைத் திறந்து புத்தகங்களை அதற்குள் வைத்தாள். அவளுக்கு அலமாரி கிடையாது, இந்தப் பெட்டிதான். நாலு பக்கமும் பழைய எண்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் அவன் மார்க்கர் பேனாவால் போட்டுப் போட்டு அடித்த எண்கள். அடியில் கிடப்பதை அவள் எந்த வீட்டிலும் வெளியே எடுத்ததில்லை. "எடுத்து வெச்சுத்தான் என்ன, திரும்பக் கட்டணுமே" என்று எட்டு வயதில் ஒருநாள் சொன்னாள். கேட்ட அன்றைக்கு அவனுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

ஆக, வாக்குக் கொடுத்தாயிற்று. இனி பார்க்கிற இடம் சரியான இடமாக இருந்தாக வேண்டும். தப்பான இடத்தில் சொந்த வீடு வாங்கினால் அதிலிருந்து கிளப்பிக்கொண்டு போவது வாடகை வீட்டைவிடக் கஷ்டம். அப்படி வாங்கிக் கெட்டவர்கள் எத்தனை பேரின் சாமானை அவன் ஏற்றி இறக்கியிருக்கிறான்!

அதற்கு அவனிடம் ஒரு கணக்கு இருந்தது. லாரியில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நகரத்தின் வரைபடம் ஒன்று ஒட்டியிருந்தது, சுற்றியுள்ள புறநகர்களெல்லாம் சேர்த்து. வேலைக்குச் சேர்ந்த புதிதிலிருந்து, சாமான் ஏற்றிய இடத்தில் எல்லாம் அவன் பேனாவால் ஒரு புள்ளி வைப்பான். எந்தத் தெருவில் லாரி திரும்பாது, எந்தக் கட்டடத்தில் எத்தனை படி, எங்கே நாய் கட்டியிருக்காது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளத்தான் முதலில் வைத்தான். பழைய லாரியை விற்றபோது வரைபடத்தை ஓரம் கிழியாமல் நீராவி காட்டி உரித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். அதன்பிறகு வேலை முடிந்து வந்து வீட்டில் புள்ளி வைப்பான்.

புள்ளியோடு இன்னொன்றும் அவன் மனதில் ஒட்டிக்கொண்டது. கடைசிச் சாமானும் லாரியில் ஏறியபின், வெறும் அறையில் நின்றுகொண்டிருப்பவர்களுக்கு ஏனோ பேச வேண்டும் போலிருக்கும். குரல் எதிரொலிக்கிற வீட்டில் சும்மா நிற்க முடியாது. அவன் கயிற்றை இறுக்கிக்கொண்டே, "ஏன் காலி பண்றீங்க?" என்று கேட்பான். அவ்வளவுதான், கொட்டித் தீர்த்துவிடுவார்கள். தண்ணீர் வராதது, மேல்மாடிக்காரன் தரையை உதைப்பது, மழையில் சாக்கடை வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது, மைத்துனன் பக்கத்துத் தெருவுக்கே குடிவந்துவிட்டது. இறக்குகிற இடத்தில் ஒருவரும் பேசமாட்டார்கள். எந்தப் பெட்டி எந்த அறைக்கு என்று சொல்வதற்குள்ளேயே தொண்டை வறண்டுவிடும்.

ஞாயிறு காலையில் அவன் எழுந்திருக்கும்போது முழங்கால் இரண்டும் துருப்பிடித்த கீல் மாதிரி இருக்கும். சனிக்கிழமைதான் ஊரே வீடு மாற்றும் நாள். இருந்தாலும் எழுந்து, மனைவியோடு தரகர் சொன்ன இடத்துக்குக் கிளம்புவான். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேமுக்குள் லென்ஸைத் தேய்த்துப் பொருத்தும் வேலை செய்கிறாள். நாள் முழுக்கக் குனிந்து, கழுத்து பிடித்துக்கொண்டிருக்கும். தள்ளாடிக்கொண்டு இரண்டு பேரும் பேருந்தில் ஏறினால், ஏதோ ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று நினைத்து ஆட்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள்.

முதலில் பார்த்தது புதிதாகக் கட்டிய அடுக்குமாடி. வாசலில் செடி, பளபளவென்று லிஃப்ட். மனைவிக்குச் சமையலறை பிடித்துவிட்டது. அவன் லிஃப்ட் கதவைத் தடவிப் பார்த்தான்.

"இதே தெருவுல எதிர்க் கட்டடம். ஆறாவது மாடி. தொண்ணூத்தாறு படி. லிஃப்ட் வேலை செய்யலன்னு நானும் இன்னொருத்தனும் துணி துவைக்கிற மெஷினை முதுகுல கட்டி இறக்கினோம். அந்த அம்மா அழுதுகிட்டே கூட வந்தாங்க."

"அது எதிர்க் கட்டடங்க."

"ஒரே ஆள் கட்டினதுதான்."

அடுத்தது ஏரிக்கரையோரம். காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. மனைவி ஜன்னலோரம் நின்று கண்ணை மூடிக்கொண்டாள், கழுத்து வலிகூடக் குறைந்த மாதிரி இருக்கிறது என்றாள். அவன் குந்தி உட்கார்ந்து சுவரின் அடிப்பாகத்தைப் பார்த்தான். "இந்தப் பக்கம் மூணு புள்ளி. மூணு வீட்டுலயும் சோபா காலு ஊறிப் போயிருந்துச்சு" என்றான். அதற்கடுத்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வண்டி நிறுத்துவதற்கு அடித்துக்கொள்வார்கள். இன்னொரு இடத்தில் பேருந்து ஒன்பது மணிக்குப் போனால் போனதுதான். பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே ஒரு வீடு வந்தது. அங்கேயிருந்து ஒரு குடும்பம் எதற்கு என்றே சொல்லாமல் காலி செய்ததை ஞாபகம் வைத்திருந்தான். "சொல்லலன்னா அது இன்னும் மோசம்" என்றான்.

தரகருக்கும் பொறுமை ஒரு அளவுக்குத்தான். "சார், நீங்க வீடு வாங்க வந்தீங்களா, துப்புத் துலக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த வாரத்திலிருந்து போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

அன்று திரும்பி வரும்போது மனைவி பேருந்து ஜன்னலில் தலையைச் சாய்த்தபடி சொன்னாள்.

"நீங்க பாத்ததெல்லாம் காலி பண்ணிட்டுப் போறவங்களத்தான். ஆஸ்பத்திரியில வேலை செய்றவன் ஊர்ல எல்லாருக்கும் காய்ச்சல்னு சொன்ன கதையா இருக்கு. மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போடாதீங்க. பேரு வாங்கினது போதும்."

அவனுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் வரைபடத்தை மேஜை மேல் விரித்துக்கொண்டு உட்கார்ந்தான். எங்கே பார்த்தாலும் புள்ளி, அம்மை போட்டது போல. அப்போதுதான் அது கண்ணில் பட்டது. வடகிழக்கு ஓரத்தில், கால்வாய்க்கும் ரயில் பாதைக்கும் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம். தெருக்கள் இருந்தன. பள்ளிக்கூடம், தபால் நிலையம் எல்லாம் குறித்திருந்தது. புள்ளி மட்டும் ஒன்றுகூட இல்லை.

பதினேழு வருஷம். ஒரு குடும்பம்கூடக் காலி செய்யாத இடம்!

மனைவியை எழுப்பிக் காட்டினான். அவள் அரைத்தூக்கத்தில் பார்த்துவிட்டு, "வீடு இருக்கா, இல்ல வெறும் தெருதானா?" என்றாள்.

வீடு இருந்தது. அடுத்த ஞாயிறு ரயிலேறிப் போனார்கள். நிலையத்தை விட்டு இறங்கினாலே குடியிருப்புதான். தாழ்ந்த மாடி வீடுகள், வாசலுக்கு வாசல் கொடியில் துணி, சைக்கிள்கள். விசேஷம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நிலையச் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்து ஒரு வீட்டைப் போய்ப் பார்த்தார்கள். இரண்டு படுக்கையறை, சின்னதுதான். கூடத்தில் ஒரு தரை ஓடு விரிசல் விட்டிருந்தது. குழாய் சொட்டியது. வேறு எங்கேயாவது இதைப் பார்த்திருந்தால் வாசலோடு திரும்பியிருப்பான். இங்கே சொட்டுகிற குழாய்கூட அவனுக்கு நல்ல சகுனமாகப் பட்டது. இத்தனை குறை இருந்தும் யாரும் போகவில்லையென்றால், இடத்தில் ஏதோ இருக்கிறது.

இரண்டாம் தடவை மகளையும் கூட்டிப்போனார்கள், ரயிலில்தான். அவள் வீட்டைவிடத் தெருவைத்தான் அதிகம் பார்த்தாள். கொஞ்ச நேரம் ஆளைக் காணோம். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். எங்கே போனாய் என்று அம்மா திட்டினாள். "சும்மா" என்றாள்.

விற்பவர் அவசரப்படுத்தவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மனம் மாறினால் பத்து நாளுக்குள் சொல்லிவிடுங்கள், என்றார். அவன் சிரித்தான். மனம் மாறுவதா!

மறுநாள் காலை ஆபீஸுக்குப் போய், ஆர்டர் எடுக்கும் அம்மாவிடம் தன் வீட்டுக்கே லாரி வேண்டும் என்று சொன்னான். அவள் சந்தோஷமாகப் பேனாவை எடுத்தாள்.

"அப்பாடா, முடிச்சு வீடு வாங்கியாச்சா! எங்க?"

சொன்னான். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அங்கயா? அங்க நாம ஆர்டரே எடுக்குறதில்லையேப்பா."

"ஏன்?"

"உள்ள போற ரோடு ஒண்ணே ஒண்ணு. ரயில் பாலத்துக்கு அடியில போகணும். பாலம் ரெண்டே முக்கால் மீட்டர் உயரம், நம்ம லாரி மூணரை. நான் சேர்ந்த அன்னைக்கே முதலாளி சொல்லிட்டாரு, அந்த ஏரியாவா, முடியாதுன்னு சொல்லிடுன்னு. மாசத்துக்கு நாலு போன் வருது. சொல்லிட்டுத்தான் இருக்கேன். ஒங்களுக்கு யாரும் சொல்லலையா?"

மாதத்துக்கு நாலு போன். வருஷத்துக்கு நாற்பத்தெட்டு. பதினேழு வருஷத்துக்கு... அதற்குமேல் பெருக்க அவனுக்குத் தெம்பில்லை. அங்கே ஏற்றவும் போனதில்லை, இறக்கவும் போனதில்லை. யாரும் காலி செய்யாத ஊர் இருக்கலாம். யாரும் குடி வராத ஊர் உண்டா? அதையாவது யோசித்திருக்கலாம். வேறு எங்கு போனாலும் தலையைத் தூக்கிப் பாலம், மின்கம்பி, மரக்கிளை என்று அளக்கிறவன், இரண்டு தடவையும் ரயிலில் உட்கார்ந்து அதே பாலத்தின் மேல் போயிருக்கிறான்.

அன்று அவன் ஒரு கண்ணாடி மேஜையைத் தூக்கும்போது விளிம்பு கதவு நிலையில் இடித்துவிட்டது. உடையவில்லை. ஆனால் லாரி ஓட்டும் அண்ணன் அவனைக் கூர்ந்து பார்த்தார்.

"என்னடா, கை உங்கிட்ட இல்லையே?"

"ஒண்ணுமில்லண்ணே."

சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் அங்கேதான் போனான், இந்தத் தடவை சாலை வழியாக. பேருந்து பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். பாலத்தின் விளிம்பில் சிமெண்ட் பெயர்ந்து, உரசிய வண்டிகளின் பெயிண்ட் நிறம் நிறமாக ஒட்டியிருந்தது. யாரோ கேட்காமல் நுழைந்து பார்த்திருக்கிறார்கள். அவன் பாலத்தின் நீளத்தை அடியெடுத்து அளந்தான். இருபத்தாறு அடி. அந்தப் பக்கம் போனதும் முதலில் ஒரு பெட்டிக்கடை இருந்தது. கடைக்கார அம்மா பெட்டியின் மேல் கன்னத்தைக் கைக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். அவன் தேநீர் வாங்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேள்வியை மாற்றிக் கேட்டான்.

"இங்க எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"ஆச்சு, இருபத்திரண்டு."

"ஏன் இருக்கீங்க?"

அவள் கையைக் கன்னத்திலிருந்து எடுத்தாள். "என்ன கேள்வி இது? இருக்கோம். வேற எங்க போறது?"

"இல்ல, இடம் நல்லா இருக்கா?"

"இருக்கு. பாலத்துக்கு அடியில மழை பேஞ்சா முழங்கால் தண்ணி நிக்கும். ரயில் போனா தட்டெல்லாம் ஆடும். மத்தபடி இருக்கு."

"யாரும் காலி பண்ணிட்டுப் போறதில்லையா?"

"போகாம? போன மாசம்கூட மூணாவது வீடு போச்சு. சின்ன வண்டியில ஆறு நடை. பாவம், அலமாரியை இந்தப் பாலத்துக்கு அடியில தலைகீழாச் சாய்ச்சு..." என்று சொல்லிக்கொண்டே போனவள், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "நீங்க வாங்க வந்தவரா, விக்க வந்தவரா?"

"தெரியலம்மா" என்றான். அவனுக்கு அது உண்மையாகவே தெரியவில்லை.

இன்னும் இரண்டு பேரிடம் கேட்டான். துணி மடித்துக்கொண்டிருந்த ஒருவர் தோளைக் குலுக்கினார். சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவர், "பொண்டாட்டியக் கேளுங்க" என்றார். போகிறவர்களிடம் காரணம் நுனி நாக்கில் இருந்தது. இருக்கிறவர்களிடம் ஒன்றும் இல்லை. பதினேழு வருஷம் சேர்த்த புள்ளிகளால் தெரிந்தது இவ்வளவுதான்.

வீடு போய்ச் சேர்ந்தபோது மனைவியும் மகளும் சாப்பிடாமல் காத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றியபடியே எல்லாவற்றையும் சொன்னான். பாலம், ரெண்டே முக்கால் மீட்டர், மாதத்துக்கு நாலு போன். சொல்லி முடித்து, "பத்து நாள் இருக்கு. வேண்டாம்னு சொல்லிடலாம். என் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்றான்.

மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால் சிரித்தாள், அப்புறம் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ வலிக்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நல்லதாப் போச்சுங்க! இனிமே நீங்களே நெனச்சாலும் காலி பண்ணிட்டுப் போக முடியாது. லாரி வராதுல்ல?"

"வெளையாடாத. கடைசின்னு புள்ளகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். இடம் தப்பாப் போச்சுன்னா?"

"எந்த இடம் தப்பாப் போகாது, சொல்லுங்க. ஆறு மாசமா எந்த எடத்துக்குப் போனாலும் அங்கேயிருந்து ஓடினவங்க கதையத்தான் சொன்னீங்க. எனக்கு அந்த ஏரிக்கரை வீடு எவ்வளவு பிடிச்சிருந்துச்சு தெரியுமா? நீங்க கேக்கவே இல்ல." சிரிப்பு போய்விட்டிருந்தது. "எனக்கு அலுத்துப்போச்சுங்க. இன்னொரு ஞாயித்துக்கிழமை என்னால முடியாது."

அவனாலும் முடியாதுதான். ஆனால் முடியவில்லை என்பதற்காக ஒரு வீட்டை வாங்குவதா? அவன் மகளைப் பார்த்தான். அவளிடம் அதுவரை ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

"ஒனக்கு எப்படிம்மா இருந்துச்சு அந்த இடம்?"

அவள் தட்டைப் பார்த்தபடி சொன்னாள். "வீட்டு வாசல்லேருந்து பள்ளிக்கூட கேட்டு வரைக்கும் நானூத்திப் பன்னெண்டு அடி. ரோடு தாண்ட வேண்டாம். திரும்பி வரும்போதும் எண்ணிப் பாத்தேன், நானூத்திப் பதினாலு. ரெண்டு அடி எங்கயோ தப்பு."

"எதுக்கும்மா எண்ணின?"

"நீங்க எண்ணுவீங்கல்ல. படி." கொஞ்சம் நிறுத்தி, "தினம் போற எடத்தத்தான எண்ணணும்?" என்றாள்.

தொண்ணூற்றாறு படி, நூற்றெட்டுப் படி என்று அவன் எண்ணியதெல்லாம் மறுபடி போகப்போகாத இடங்கள். சாப்பிட்டு முடித்ததும் வரைபடத்தை எடுத்து நாலாக மடித்தான். மடிப்பில் அது கிழிந்தது. பசை தேடவில்லை. பத்து நாளும் போயிற்று. விற்பவருக்கு அவன் போன் செய்யவில்லை.

மாறுகிற நாள் சனிக்கிழமையாக அமையவில்லை. முதலாளி ஒரு புதன்கிழமை லாரியைக் கொடுத்தார். பழைய வீட்டில் கடைசிப் பெட்டியும் ஏறியது. அவன் வெறும் கூடத்தில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனே வாடிக்கையாளர் ஆகிவிட்டதால், அன்றைக்குக் கயிறு கட்டியது ஓட்டுநர் அண்ணன். அவர் முடிச்சை இறுக்கியபடியே உள்ளே பார்த்து, அவன் குரலிலேயே கேட்டார்.

"ஏன் காலி பண்றீங்க?"

ஆட்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவன் வாயைத் திறந்தான். உரிமையாளரின் மகன், பள்ளிக்கூடம், எல்லாம் நுனி நாக்கில்தான் இருந்தது. எதிரொலிக்கிற அறையில் அது எதுவும் வெளியே வரவில்லை. "கயிறு சரியா இல்லண்ணே" என்றான். போய் அவிழ்த்து மறுபடி கட்டினான்.

லாரி பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றது. இரண்டு தள்ளுவண்டிகள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பதினான்கு நடை. குளிர்பெட்டியைப் பாலத்துக்கு அடியில் கொண்டுபோகும்போது மேலே ரயில் வந்தது. வண்டியோடு சேர்ந்து எல்லோருடைய பற்களும் ஆடின. "முடிச்சு, இந்தப் பூமியில வேற வீடே இல்லையாடா ஒனக்கு?" என்று ஒருவன் கத்தினான். பெட்டிக்கடை அம்மா நடைக்கு நடை எட்டிப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள். "போன மாசம் போனவங்களுக்கு ஆறுதான் ஆச்சு" என்றாள் ஒன்பதாவது நடையில். அலமாரியைத் தலைகீழாகச் சாய்க்க வேண்டியிருக்கவில்லை. கதவைக் கழற்றி, திருகாணிகளைப் பையில் போட்டு அதன் முதுகிலேயே ஒட்டி, படுத்தவாக்கில் கொண்டுபோனான். ஒரு கீறல் விழவில்லை. அக்கா அங்கே இருந்திருந்தால் தெருவைக் கூட்டிக் காட்டியிருப்பாள்.

ஆட்கள் போனபின் மாலை வெயில் கூடத்தில் விழுந்தது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மனைவி விரிசல் விட்ட ஓட்டின் மேல் பாயைப் போட்டு, கழுத்துக்குத் தலையணை வைத்து அப்படியே படுத்துவிட்டாள். அவன் வழக்கப்படி காலிப் பெட்டிகளைச் சேகரிக்கத் தொடங்கினான். டேப்பைக் கிழித்து, தட்டையாக மடித்து, பத்துப் பத்தாகக் கட்டிப் பரண்மேல் வைப்பான், அடுத்த தடவைக்கு. ஏழு வீட்டிலும் அப்படித்தான். இரண்டு கட்டு கட்டியும்விட்டான். பிறகுதான், எதற்கு என்று தோன்றியது. கட்டுகளைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தான்.

மகளின் அறை வாசலில் அவளுடைய பெட்டி கிடந்தது, எண்ணுக்கு மேல் எண்ணாக. மடக்கலாம் என்று தூக்கினான். கைக்கு எடை இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தான். அடி அட்டை தெரிந்தது. ஏழு வீட்டில் அவன் பார்த்திராத அடி. ஒரு ஓரத்தில் பென்சில் சீவிய தூளும், எப்போதோ தொலைந்த ஒரு சட்டைப் பித்தானும் இருந்தன.

"தூக்கிப் போட்டுடவாம்மா?"

உள்ளேயிருந்து ஜன்னல் விளிம்பில் எதையோ வரிசையாக வைத்து வைத்துப் பார்க்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அவன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தான். அது அவன் எடையைத் தாங்காது என்று அவனுக்குத் தெரியும். எந்த அட்டை எவ்வளவு தாங்கும் என்பது அவன் தொழில். பெட்டி மெதுவாக, ஒரு பக்கமாக நசுங்கிக்கொண்டே இறங்கியது. தூரத்தில் ரயில் ஒன்று வந்துகொண்டிருந்தது. எழுந்திருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.